அம்மா அப்பா அமெரிக்கா வருகிறார்கள்: டிக்கெட்டுக்கு இன்சூரன்ஸா, உடம்புக்கு இன்சூரன்ஸா?

விசா கையில் வந்து, திருவனந்தபுரத்தில் இருந்து டிக்கெட்டும் போட்ட பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் இன்சூரன்ஸ் ஞாபகமே வருகிறது. டிக்கெட் வாங்கும் பக்கத்தின் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், பயணக் காப்பீடு சேர்க்கவா என்று கேட்கும். அதில் ஒரு டிக் அடித்துவிட்டு, "இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்தாச்சு" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறோம். அந்த டிக் எதற்குக் காசு கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்று படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருந்து அம்மா அப்பாவை முதல் தடவையாக அமெரிக்காவுக்கு அழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் அழைப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எது போனால் எவ்வளவு போகும்

டிரிப் இன்சூரன்ஸ் காப்பது பயணத்துக்குக் கட்டிய பணத்தை. கிளம்புவதற்கு முன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டி வந்தால், பெட்டி தொலைந்தால், விமானம் மணிக்கணக்கில் தாமதமாகி ஓட்டல் எடுக்க வேண்டி வந்தால், பாலிசியில் எழுதியிருக்கும் காரணங்களுக்குள் அது அடங்கினால், பணம் வரும். விசா கிடைக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதெல்லாம் பொதுவாக அந்தப் பட்டியலில் இருக்காது.

மெடிக்கல் இன்சூரன்ஸ் காப்பது அங்கே போய் இறங்கிய பிறகு வரும் ஆஸ்பத்திரிச் செலவை. அமெரிக்காவில் இதை விசிட்டர் இன்சூரன்ஸ் என்பார்கள்.

எதை எடுப்பது என்று குழம்புகிறவர்கள் ஒரு தாளில் இரண்டு தொகையை எழுதிப் பாருங்கள். இரண்டு பேருக்கும் போய்வர டிக்கெட், சீசனைப் பொறுத்து இரண்டு மூன்று லட்சம் ரூபாய். முழுவதும் போனாலும் நஷ்டம் அதோடு நின்றுவிடும். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் எழுதத் தொகையே கிடையாது. மாரடைப்பு, ஆஞ்சியோ, ஸ்டென்ட், நாலு நாள் படுக்கை என்று ஆனால் பில் லட்சம் டாலரைத் தொடுவது அமெரிக்காவில் அதிசயம் இல்லை. டிக்கெட் பணம் போனால் ஒரு வருடம் சிரமப்படுவோம், ஆஸ்பத்திரி பில் வந்தால் ஊரில் இருக்கும் மனையை விற்பதைப் பற்றிப் பேச வேண்டி வரும். அதனால் என் கணக்கில் முதல் காசு மெடிக்கலுக்குத்தான் போக வேண்டும். மிச்சம் இருந்தால் டிரிப் பக்கம் பார்க்கலாம்.

போகிற நாடு எது என்று பாருங்கள்

அமெரிக்காவின் விசிட்டர் விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்பதாலேயே பலர் எடுக்காமல் வருகிறார்கள். ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு இல்லாமல் விசாவே தர மாட்டார்கள். கனடாவில் பெற்றோர், தாத்தா பாட்டி நீண்ட நாள் தங்குவதற்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு, ஒரு வருடத்துக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். சவூதி விசிட் விசாவிலும் காப்பீடு கட்டாயம். ஆனால் விசாவுக்காக எடுக்கும் குறைந்தபட்சப் பாலிசியின் உச்சவரம்பு எவ்வளவு என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கட்டாயம் இல்லை என்றாலும், விசிட்டராகப் போனவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அரசு மருத்துவத் துறை தன் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வசூலிக்கும்.

ஊரில் இருக்கும் அரசாங்கக் கார்டுகள் எதுவும் கடல் தாண்டாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையும், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் வைத்திருக்கும் பென்ஷனர் மருத்துவக் காப்பீடும் இங்கே உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு வாத்தியாராவது ரிட்டயர் ஆகி இருப்பார், "எனக்குத்தான் கவர்மென்ட் இன்சூரன்ஸ் இருக்கே" என்பார். அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தியப் பாலிசியா, அமெரிக்கப் பாலிசியா

அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் டிரிப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கானது. நம் அம்மா அப்பாவுக்கு அது பொதுவாகக் கிடைக்காது. ஆகவே நம் முன்னால் இருக்கும் உண்மையான தேர்வு வேறு. ஒன்று, இந்தியாவில் ரூபாயில் வாங்கும் டிராவல் இன்சூரன்ஸ். இதில் மருத்துவம், ரத்து, பெட்டி, பாஸ்போர்ட் தொலைவது எல்லாம் ஒரே பொட்டலமாக இருக்கும். பொதுத்துறை நிறுவனங்களில் ஓவர்சீஸ் மெடிக்ளெய்ம் என்ற பெயரில் கேட்டால் தெரியும். இன்னொன்று, அமெரிக்க நிறுவனத்தின் விசிட்டர் மெடிக்கல் பாலிசி. இதில் டிரிப் பகுதி பெயருக்குத்தான் இருக்கும், மருத்துவம்தான் பிரதானம்.

இந்தியப் பாலிசி பொதுவாக விலை குறைவு. ஏஜென்டைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். உலகம் முழுவதும் என்று போட்டிருந்தாலும், அதில் அமெரிக்காவையும் கனடாவையும் நீக்கிய ஒரு வகை உண்டு. அதன் பிரீமியம் குறைவு என்பதால் விலையை மட்டும் பார்ப்பவர் அதைத் தேர்ந்துவிடுவார். அப்புறம், அறுபது வயது தாண்டியவர்களுக்குப் பல பாலிசிகளில் உள் வரம்புகள் இருக்கும். மொத்தம் ஒரு லட்சம் டாலர் என்று பெரிதாக எழுதியிருக்கும், உள்ளே போனால் ஒரு நாள் அறை வாடகைக்கு இவ்வளவு, ஐ.சி.யூ.வுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று சின்னச் சின்ன வேலி போட்டிருக்கும். அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். இந்தியப் பாலிசியை இங்கே இருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

அமெரிக்கப் பாலிசியை அவர்கள் வந்து இறங்கிய பிறகும் வாங்கலாம். அங்கே உள்ள ஆஸ்பத்திரிகளோடு நெட்வொர்க் ஒப்பந்தம் இருக்கும், பில் நேராக நிறுவனத்துக்குப் போக வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தங்கப் போகும் அம்மா அப்பாவுக்கு நான் அமெரிக்கப் பாலிசியைத்தான் சொல்வேன். இரண்டு வாரம் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு, உள் வரம்பு இல்லாத இந்தியப் பாலிசி போதும்.

விலை குறைந்த பாலிசி ஏன் விலை குறைந்தது

விசிட்டர் பாலிசியில் இரண்டு ரகம். ஃபிக்ஸட் பெனிஃபிட் என்பதில் ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவுதான் என்று முன்பே எழுதி வைத்திருப்பார்கள். எமர்ஜென்சி அறைக்கு 300 டாலர் என்று போட்டிருக்கிறது, பில் 3,000 டாலர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 2,700 நம் தலையில். இன்னொரு ரகம் காம்ப்ரிஹென்சிவ். இதில் டிடக்டிபிள் என்ற முதல் தொகையை நாம் கட்டிய பிறகு, மீதியில் பெரும் பங்கை நிறுவனம் ஏற்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். டிடக்டிபிள் 250 டாலர். அதற்குப் பிறகு முதல் 5,000 டாலருக்கு நிறுவனம் 80 சதவீதம், நாம் 20 சதவீதம். அதற்கு மேல் பாலிசியின் உச்சவரம்பு வரை நிறுவனமே 100 சதவீதம். பில் 10,000 டாலர் என்றால் நாம் கட்டுவது 250-உம், 5,000-இல் 20 சதவீதமான 1,000-உம், ஆக 1,250 டாலர். பில் 60,000 ஆனாலும் காப்பீட்டுக்கு உட்பட்ட செலவு என்றால் அதே 1,250-தான். நம் நஷ்டத்துக்கு ஒரு கூரை இருக்கிறது என்பதுதான் இதில் விஷயம். பிரீமியம் கூடுதலாக இருப்பதும் அதற்காகத்தான். விலை உறுத்தினால் டிடக்டிபிளை 500, 1,000 என்று கூட்டிக்கொள்ளுங்கள், பிரீமியம் இறங்கும். ஃபிக்ஸட் ரகத்துக்குப் போய் மிச்சம் பிடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். டிடக்டிபிள் அம்மாவுக்குத் தனி, அப்பாவுக்குத் தனி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயது எழுபதைத் தாண்டினால் பல திட்டங்களில் உச்சவரம்பு குறையும், எண்பதில் இன்னும் குறையும். அப்பாவுக்கு அறுபத்தொன்பது முடியப் போகிறது என்றால், பிறந்தநாளுக்கு முன் தொடங்கும் பாலிசிக்கும் பின் தொடங்கும் பாலிசிக்கும் இரண்டுக்குமே விலை கேட்டுப் பாருங்கள்.

சுகரும் பிரஷரும்: இங்கேதான் கிளெய்ம் மடங்கும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் பெற்றோரில் சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றில் ஒன்றுக்காவது மாத்திரை சாப்பிடாதவர்கள் அபூர்வம். ஏற்கனவே இருக்கும் நோய்க்கான வழக்கமான சிகிச்சையை விசிட்டர் பாலிசிகள் பெரும்பாலும் ஏற்காது. சுகர் மருந்து வாங்குவதற்கும், பிரஷர் செக் பண்ணுவதற்கும், பல், கண் கண்ணாடிக்கும் காசு வராது. முழு உடல் பரிசோதனையை அமெரிக்காவில் இன்சூரன்ஸில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் பல காம்ப்ரிஹென்சிவ் பாலிசிகளில் ஒரு வாசல் திறந்திருக்கும். ஏற்கனவே இருக்கும் நோய் திடீரென்று, முன் அறிகுறி இல்லாமல் பொங்கி, உடனடி சிகிச்சை தேவைப்பட்டால் அதை ஏற்போம் என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் அக்யூட் ஆன்செட் என்று இருக்கும். அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நான்கு கேள்வி: எத்தனை வயது வரை, எவ்வளவு தொகை வரை, இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் தனி வரம்பு உண்டா, எத்தனை மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்.

கடைசிக் கேள்விதான் நம் வீடுகளில் இடிக்கும். பல பாலிசிகளில் 24 மணி நேரம் என்று இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா, வாயுதான்" என்பார். அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டு விடிய விடியக் கிடப்பார். மறுநாளும் சமாளித்துவிட்டு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்பார், அவரும் உண்மையைச் சொல்வார், அது கேஸ் ஷீட்டில் ஏறும். உயிருக்கும் ஆபத்து, கிளெய்முக்கும் ஆபத்து. வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே அவர்களை உட்கார வைத்து, செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நெஞ்சுவலி, கை கால் மரத்துப் போவது, வாய் கோணுவது என்றால் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும் என்று பேசிவிடுங்கள்.

இன்னொரு சூட்சுமம். ஆறு மாதம் தங்கப் போகிறார்கள் என்றால் ஒவ்வொரு மாதமும் புதுப் பாலிசி வாங்காதீர்கள். முதல் பாலிசியில் வந்த நோய், அடுத்த புதுப் பாலிசிக்கு ஏற்கனவே இருந்த நோய் ஆகிவிடும். முழுக் காலத்துக்கும் சேர்த்து எடுங்கள், அல்லது முடிவதற்கு முன் அதே பாலிசியை நீட்டித்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே ஊர் திரும்பினால், கிளெய்ம் எதுவும் செய்யாத பட்சத்தில், மீதி நாளுக்கான பணத்தைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு பல நிறுவனங்கள் திருப்பித் தரும்.

விண்ணப்பத்தில் சுகர், பிரஷர் பற்றிக் கேட்டால் மறைக்கக் கூடாது. இந்தியப் பாலிசிகளில் கட்டாயம் கேட்பார்கள். எழுதினால் பிரீமியம் கூடும் என்று சொல்லும் ஏஜென்டும் உண்டு. கிளெய்ம் வரும் அன்று அவர் போனை எடுக்க மாட்டார்.

பேச மனம் வராத ஒரு வரியும் பாலிசியில் இருக்கும். இறந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு. எவ்வளவு தொகை என்று நீங்கள் மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மா அப்பாவிடம் காட்ட வேண்டியது இல்லை.

சரி, டிரிப் பக்கம் எதுவும் வேண்டாமா?

வேண்டும், அளவாக. திருவனந்தபுரத்தில் இருந்து அமெரிக்கா போகிறவர்கள் வழியில் துபாய், தோஹா, அபுதாபி என்று எங்காவது மாற வேண்டும். 2024 ஏப்ரலில் துபாயில் கொட்டிய மழையில் விமானங்கள் நாள் கணக்கில் குழம்பியது ஞாபகம் இருக்கும். மொழி தெரியாத வயதானவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டால் ஓட்டல், சாப்பாடு, புது டிக்கெட் என்று செலவு ஏறும். இந்தியப் பாலிசியில் வரும் தாமதப் பணமும், பெட்டி தாமதத்துக்கான பணமும் இங்கே உதவும். பில்லைப் பத்திரமாக வைக்க வேண்டும், விமான நிறுவனத்திடம் தாமதத்துக்கு எழுத்தில் சான்று வாங்க வேண்டும். இடையில் மாறும் விமானம் எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் பிந்தினால், அடுத்த விமானத்துக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு நாளில் (சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் நாள்), வருடத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், திருவனந்தபுரம் ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடி ஊர்வலத்துக்கு வழி விடுவார்கள். முன்பே அறிவித்து விமான நேரங்களை மாற்றிவிடுவதால் பயம் இல்லை, ஆனால் அந்த நாளில் டிக்கெட் போட்டிருந்தால் நேரத்தை மறுபடி பார்த்துவிட்டு நாகர்கோவிலில் இருந்து வண்டி எடுங்கள்.

டிக்கெட் ரத்துக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுப்பதைவிட, தேதியை மாற்ற அனுமதிக்கும் கட்டண வகையில் டிக்கெட் போடுவது எனக்குச் சுலபமாகத் தெரிகிறது. மகளின் பிரசவத் தேதி தள்ளிப் போனாலும், அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தாலும் காரணம் காட்டி யாரிடமும் நிற்க வேண்டாம்.

படிவத்தில் கோட்டை விடும் இடங்கள்

பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். நம் பக்கம் ஒற்றைப் பெயரோடு, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் நிறைய. அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி வரும். டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, பாலிசியில் இன்னொரு மாதிரி என்று போகாமல், பாலிசி வாங்கும் முன் நிறுவனத்திடம் எப்படி எழுதுவது என்று கேட்டு அதையே கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரும் இனிஷியலும் படிவத்துக்குள் வர வேண்டாம்.

தேதி இன்னொன்று. விமானம் அதிகாலை நாலு மணிக்கு என்றால் முந்தின நாள் ராத்திரியே வீட்டை விட்டு இறங்குவார்கள். பாலிசி ஊரில் இருந்து கிளம்பும் நாளில் தொடங்குகிறதா, அமெரிக்காவில் இறங்கும் நாளிலா, நடுவில் தோஹாவில் விழுந்து அடிபட்டால் செல்லுமா என்று பார்த்துத் தேதி போடுங்கள்.

கிளம்பும் முன் பையில் வைக்க வேண்டியது

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் காட்டுகிறவராக இருந்தாலும், தனியார் ஆஸ்பத்திரியில் காட்டுகிறவராக இருந்தாலும், ஓ.பி. சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். டாக்டரிடம் மாத்திரைகளின் மூலப்பெயரோடு (ஜெனரிக் பெயர்) ஒரு கடிதம் வாங்குங்கள், பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மாத்திரை அட்டையோடு இருக்க வேண்டும், பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். அமெரிக்கா பொதுவாக 90 நாள் மருந்துக்கு மேல் கொண்டுவர வேண்டாம் என்கிறது, ஆறு மாதம் தங்குவதாக இருந்தால் மீதிக்கு என்ன வழி என்று அவர்களுடைய டாக்டரிடமே பேசிவிடுங்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டி ஏத்தங்காய் சிப்ஸோடு வேறு ஊருக்குப் போனாலும் சமாளிக்கலாம்.

உடம்பு சரியில்லாமல் போனால்

ஊரில் 108-க்குப் போன் செய்தால் காசு கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் 911 ஆம்புலன்சுக்குத் தனி பில் வரும். அதற்காக நெஞ்சுவலிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள், கூப்பிடுங்கள். எமர்ஜென்சி அறையில் பணம் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 1986-இல் வந்த சட்டப்படி, நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும். பில் பிறகு வரும்.

காய்ச்சல், சளி, சிராய்ப்பு, வயிற்றுப்போக்கு இவற்றுக்கு அர்ஜென்ட் கேர் என்ற சின்ன கிளினிக்குகள் இருக்கின்றன. எமர்ஜென்சிக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் கூடுதல் டிடக்டிபிள் போடும் பாலிசிகள் உண்டு, அர்ஜென்ட் கேரில் சின்னத் தொகையோடு முடிந்துவிடும். ரிசப்ஷனில் விசிட்டர் இன்சூரன்ஸ் என்று சொன்னால், நாங்கள் எடுப்பதில்லை என்று உதட்டைப் பிதுக்குவார்கள். கார்டில் அச்சாகியிருக்கும் நெட்வொர்க் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் பதில் மாறும். அட்மிட் ஆனால் கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு உடனே போன் செய்து தெரிவிக்க வேண்டும்.

ஒரே நோய்க்கு ஆஸ்பத்திரி ஒரு பில், டாக்டர் ஒரு பில், ஸ்கேன் எடுத்தவர் ஒரு பில், ஆம்புலன்ஸ் ஒரு பில் என்று வாரக்கணக்கில் தபால் வந்துகொண்டே இருக்கும். வந்த தேதியை எழுதி ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் இன்ன சேவைக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் விவரப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கிளெய்ம் படிவத்தோடு பாஸ்போர்ட் நகலும், நாட்டுக்குள் வந்த தேதிக்குச் சான்றும் கேட்பார்கள். முத்திரை குத்தாமல் விட்டிருந்தால் ஐ-94 என்ற அமெரிக்க வருகைப் பதிவை இணையத்தில் இருந்து பிரின்ட் எடுக்கலாம். கிளெய்ம் அனுப்ப ஒரு கெடு இருக்கும், அதற்குள் கையில் இருப்பதை அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு சேருங்கள்.

கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பாலிசியில் எந்தப் பிரிவு என்று சொல்லச் சொல்லுங்கள். இந்தியப் பாலிசி என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, அங்கே நடக்காவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளம், அதற்கும் மேல் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அமெரிக்கப் பாலிசி என்றால் நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் இன்சூரன்ஸ் துறையில் புகார் எழுதலாம்.